எல்லா மாணவருக்கும் ஒரு கணினி: பேசிக் மொழியைத் தந்த ஜான் கெமனி யார்?

கல்லூரி கோடிங் கிளப்பில் சேரும் ஒரு மாணவர் முதல் நாளே என்ன செய்வார்? லேப்டாப்பைத் திறப்பார், சீனியர் சொல்லிக் கொடுக்கும் நாலு வரியைத் தட்டுவார், ரன் கொடுப்பார். தப்பு இருந்தால் திரையிலேயே சிவப்பாகத் தெரியும். திருத்தி மறுபடியும் ரன். மொத்தமாக ஒரு நிமிஷம்கூட ஆகாது.

தட்டினால் உடனே பதில் வரும் இந்த வசதி 1960-களின் தொடக்கம் வரை மாணவர்களுக்கு இல்லை. பெரும்பாலான பேராசிரியர்களுக்கும் இல்லை. அதைக் கல்லூரி மாணவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் கெமனி. ஹங்கேரியில் இருந்து அகதியாக வந்தவர், ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராக இருந்தவர், பின்னாளில் ஒரு பெரிய கல்லூரியின் தலைவர், ஓர் அணு உலை விபத்து விசாரணைக் குழுவுக்கும் தலைவர். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது ஒரு மொழிக்காகத்தான். அதன் பெயர் பேசிக்.

புடாபெஸ்ட்டில் இருந்து நியூயார்க்குக்கு

1926 மே 31 அன்று புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் கெமனி. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது, அடுத்து என்ன நடக்கும் என்பது அவருடைய அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. முதலில் தனியாக அமெரிக்கா போனார். 1940-ல் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார். தாத்தா மட்டும் ஊரைவிட்டு வர மறுத்துவிட்டார். யூத இன அழிப்பில் அவரும் இன்னும் சில உறவினர்களும் கொல்லப்பட்டார்கள்.

நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பையனுக்கு நாடும் புதுசு, மொழியும் புதுசு. மூன்றே ஆண்டில் பள்ளியின் முதல் மாணவனாக வெளியே வந்தான். அடுத்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். கணிதமும் தத்துவமும் படித்துக்கொண்டிருந்தபோதே இரண்டாம் உலகப் போர் அவரைப் படிப்பில் இருந்து இழுத்துக்கொண்டுபோனது. போய்ச் சேர்ந்த இடம் அணுகுண்டு தயாரிக்கப்பட்ட லாஸ் அலமாஸ். ‘ஓப்பன்ஹைமர்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பாலைவன ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கே கெமனி வேலை பார்த்த கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன்.

அந்தக் கணக்குகளை எப்படிப் போட்டார்கள் என்பதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் 17 ஐபிஎம் இயந்திரங்கள். ஒரு இயந்திரத்தில் இருந்து அடுத்ததற்கு அட்டைக் கட்டுகளைத் தூக்கிப் போட 20 பேர். மூன்று ஷிஃப்ட், 24 மணி நேரமும் வேலை. ஒரே ஒரு சமன்பாட்டுக்குத் தீர்வு காண மூன்று வாரம் ஆகும். பின்னாளில் கெமனி இதை அடிக்கடி சொல்வார். லாஸ் அலமாஸில் இத்தனை பேர் சேர்ந்து ஒரு வருஷம் போட்ட கணக்கை, தன் கல்லூரியில் இளங்கலை படிக்கும் ஒரு மாணவர் ஒரே மதியத்தில் முடித்துவிட முடியும் என்று. அதுவும் அதே நேரத்தில் இன்னும் பல பேர் அதே கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது.

போர் முடிந்து பிரின்ஸ்டன் திரும்பினார். தர்க்கவியலில் பெரும்பெயர் பெற்ற அலோன்ஸோ சர்ச்சிடம் ஆய்வு செய்து 1949-ல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆலன் டூரிங்கும் அதே சர்ச்சின் மாணவர்தான். இதற்கு நடுவே 1948-49-ல் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளர் வேலை. ஐன்ஸ்டைனுக்கே கணக்கில் உதவி எதற்கு என்று கேட்கலாம். ஒருங்கிணைந்த புலக் கோட்பாட்டில் அவர் தீவிரமாக இருந்த காலம் அது. சளைக்காமல் கணக்குப் போட ஓர் இளம் மூளை தேவைப்பட்டது. கெமனிக்கு அப்போது வயது 22.

அட்டைப் பெட்டியோடு ரயிலேறிய பேராசிரியர்

1953-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹானோவர் என்ற சின்ன ஊரில் இருக்கும் டார்ட்மத் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. இரண்டே ஆண்டில் கணிதத் துறைக்குத் தலைவர். முப்பது வயதுகூட ஆகாத ஒருவருக்குப் பழம்பெரும் கல்லூரி துறையைத் தூக்கிக் கொடுத்தது அன்றைக்கு லேசான விஷயமில்லை. கெமனியும் தன்னைப் போன்ற இளைஞர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். செயற்கை நுண்ணறிவு என்ற பெயரைப் பிரபலமாக்கிய ஜான் மெக்கார்த்தி அந்தத் துறையில் இருந்தவர். 1956-ல் சேர்ந்தவர் தாமஸ் கர்ட்ஸ். கெமனியின் மிச்ச வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்த கூட்டாளி இவர்.

டார்ட்மத்தில் அப்போது கணினியே கிடையாது. கர்ட்ஸ் நிரல் எழுதிய அட்டைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ரயில் பிடித்து, சுமார் 200 கி.மீ. தள்ளி இருக்கும் எம்ஐடிக்குப் போவார். அங்கே இருந்த ஐபிஎம் 704 கணினியில் கொடுத்துவிட்டு விடை வரக் காத்திருப்பார். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் போச்சு. திருத்தி, மறுபடியும் கொடுத்து, மறுபடியும் காத்திருக்க வேண்டும். வீட்டில் இருந்து ஃபைலை அனுப்பிவிட்டு லோடிங் சக்கரம் சுற்றுவதற்கே எரிச்சல்படும் தலைமுறைக்கு இந்த ரயில் பயணம் புராணக் கதை மாதிரி இருக்கும்.

1959-ல் கல்லூரிக்கு எல்ஜிபி-30 என்ற சின்னக் கணினி வந்தது. மேசை அளவு, நினைவகம் 4,096 சொற்கள் மட்டும். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேராசிரியர்களும் ஒரு காரியம் செய்தார்கள். சாவியை மாணவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். பாடத்திட்டம் கிடையாது, மதிப்பெண் கிடையாது, உட்கார்ந்து நோண்டிப் பாருங்கள், அவ்வளவுதான். இன்றைய கோடிங் கிளப்பின் தாத்தா என்று அந்த அறையைச் சொன்னால் தப்பில்லை.

என்ன நடந்தது தெரியுமா? அந்தக் குட்டி இயந்திரத்தில் ஓடாது என்று பலரும் நினைத்த அல்கால் மொழிக்கு இளங்கலை மாணவர்களே கம்பைலர் எழுதினார்கள். 1962-ல் சிட்னி மார்ஷல் என்ற முதலாண்டு மாணவரோடு சேர்ந்து கெமனி டோப் என்ற எளிய மொழி ஒன்றை முயன்று பார்த்தார். அது ஓடியது, ஆனால் நிலைக்கவில்லை. நிலைத்தது வேறொரு பாடம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை நம்பி நேரமும் இயந்திரமும் கொடுத்தால், தொழில்முறை ஆட்கள் தயங்கும் வேலையையும் செய்துவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரிந்துபோனது.

ஒரே கணினி, பல பேர்

கெமனியின் கவலை கணிதம் படிக்கிறவர்களைப் பற்றியது இல்லை. டார்ட்மத் மாணவர்களில் சுமார் கால்வாசிப் பேர்தான் அறிவியல், பொறியியல் பக்கம் போனார்கள். மிச்ச முக்கால்வாசிப் பேர் இலக்கியம், வரலாறு, பொருளாதாரம். நாளைக்கு அரசாங்கத்திலும் கம்பெனிகளிலும் முடிவெடுக்கப் போகிறவர்கள் இவர்கள்தான். கணினி என்றால் என்ன என்றே தெரியாமல் இவர்கள் கணினியைப் பற்றி முடிவெடுத்தால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விதான் அவரைத் துரத்தியது.

கணினி பற்றி வகுப்பில் லெக்சர் கொடுத்தால் போதாது, ஒவ்வொரு மாணவரும் தானே நிரல் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு இரண்டு தடைகள். ஒன்று, இயந்திரம் ஒரு நேரத்தில் ஒருவர் வேலையைத்தான் பார்க்கும். இரண்டு, இருக்கிற மொழிகள் புதியவர்களை மிரட்டும்.

முதல் தடைக்கு டைம் ஷேரிங். எம்ஐடிக்குப் போய்விட்ட மெக்கார்த்தி, இதைச் செய்யுங்கள் என்று கர்ட்ஸிடம் முன்பே சொல்லியிருந்தார். ஒரு கிராண்ட்மாஸ்டர் ஒரே நேரத்தில் இருபது பேரோடு செஸ் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பலகை முன்னாலும் ஒரு நொடி நின்று காயை நகர்த்திவிட்டு அடுத்த பலகைக்குப் போவார். எதிரில் இருப்பவர் யோசித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடுவார். டைம் ஷேரிங்கும் அப்படித்தான். மனிதர்கள் தட்டுவதும் யோசிப்பதும் மெதுவாக, கணினி வேகமாக. அதனால் ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியும் தனக்கே என்று தோன்றும்.

இரண்டாவது தடையில் இரு நண்பர்களுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. ஏற்கெனவே இருக்கும் ஃபோர்ட்ரான் அல்லது அல்காலைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கினால் போதும் என்று கர்ட்ஸ் முதலில் நினைத்தார். கெமனி ஒத்துக்கொள்ளவில்லை. புது மொழிதான் வேண்டும் என்றார். அவர் பிடிவாதம் ஜெயித்தது.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர்களுக்குச் சந்தேகம். இவ்வளவு சிக்கலான மென்பொருளை, முழுநேர வல்லுநர்கள் யாரும் இல்லாமல், இளங்கலை மாணவர்களை வைத்து எழுதப் போகிறோம் என்று சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இருந்தாலும் கடைசியில் 3 லட்சம் டாலர் கிடைத்தது. 1964 தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு இயந்திரங்கள் வந்தன. ஜிஇ-225 கணக்குப் போடும். டேட்டாநெட்-30 டெர்மினல்களில் இருந்து வரும் செய்திகளை வாங்கி வரிசைப்படுத்தும்.

பேசிக் கம்பைலரை எழுதும் வேலையை 1963-லேயே கெமனி தொடங்கியிருந்தார். இரண்டு இயந்திரங்களையும் பேசவைக்கும் மென்பொருளை எழுதியதில் ஜான் மெக்கீச்சி, மைக்கேல் புஷ் என்ற இரு மாணவர்களின் பங்கு பெரியது. பரீட்சை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ராத்திரி பகலாக ஓடியது வேலை. 1964 மே 1, அதிகாலை சுமார் 4 மணிக்கு இரண்டு டெர்மினல்களில் இரண்டு பேசிக் நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடி, இரண்டிலும் சரியான விடை வந்தது.

அப்படி என்ன சுலபம்?

முதல் பேசிக்கில் மொத்தமே 14 கட்டளைகள். லெட், பிரிண்ட், இஃப், ஃபார், நெக்ஸ்ட், எண்ட் என்று பள்ளி ஆங்கிலம் தெரிந்த யாருக்கும் புரியும் சொற்கள். முழு எண்ணா, தசம எண்ணா என்று மாணவர் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் எண்தான், கணினி பார்த்துக்கொள்ளும். இன்று பைத்தான் கற்கும்போது மாறியின் வகையை அறிவிக்காமலே எழுதுகிறோமே, அந்தச் சொகுசு அன்றைக்கு ரொம்பப் புதுசு.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண் இருக்கும். இது பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. அன்றைய டெர்மினல் என்பது திரை இல்லாத டெலிடைப். தட்டுவதும் பதிலும் காகிதத்தில் அச்சாகும். கர்சர் கிடையாது, மவுஸ் கிடையாது. 30-வது வரியில் பிழை என்றால், 30 என்று போட்டு சரியான வரியை மறுபடி தட்டினால் போதும், பழையது போய்விடும். 30-க்கும் 40-க்கும் நடுவே ஒரு வரி சேர்க்க வேண்டுமா, 35 என்று போடலாம். எண் இல்லாமல் தட்டினால் அது கணினிக்கு இடும் உத்தரவு. ரன் என்றால் ஓட்டு, லிஸ்ட் என்றால் காட்டு, சேவ் என்றால் பத்திரப்படுத்து. உள்ளே நுழைய ஹலோ, கிளம்பும்போது குட்பை.

முதலாண்டில் பெரும்பாலானோர் எடுக்கும் கணிதப் பாடத்துக்குள் இதை நுழைத்தார் கெமனி. தனிப் பாடம் இல்லை. சில மணி நேர லெக்சர், அப்புறம் நாலு நிரல்களை மாணவரே எழுதி ஓடவைக்க வேண்டும். அவருடைய வாதம் இதுதான்: கணினிக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க முயலும்போது மாணவர் ஆசிரியராகிவிடுகிறார். எதிரில் இருப்பது எதையும் தானாக ஊகித்துக்கொள்ளாத ஒரு மாணவன். அதற்குப் புரியவைக்க வேண்டுமென்றால் முதலில் தனக்கு முழுசாகப் புரிந்திருக்க வேண்டும். டியூஷன் எடுத்துப் பார்த்த யாருக்கும் இது தெரியும்.

1966 டிசம்பரில் கீவிட் கணினி மையம் திறக்கப்பட்டது. நூலகத்தில் புத்தக அலமாரிக்கு யாரும் போகலாம் இல்லையா, கணினியும் அப்படியே இருக்க வேண்டும் என்றார் கெமனி. எதற்கு, ஏன் என்று கேள்வி இல்லை. மாணவர்களுக்குக் கட்டணமும் இல்லை. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், தெரியாததைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்கள். விளையாடினார்கள். கணினி நேரம் தங்கத்துக்குச் சமமாக இருந்த காலத்தில் அதில் விளையாட விடுவதா என்று மற்ற கல்லூரிகள் முகம் சுளித்திருக்கும். கெமனியோ தானே ஒரு கால்பந்து விளையாட்டை எழுதினார். 1965-ல் டார்ட்மத் அணி பிரின்ஸ்டனை வீழ்த்திய உற்சாகத்தில் எழுதியது அது. இயந்திரத்தின் மீதுள்ள பயம் போக விளையாட்டைவிட நல்ல வழி இல்லை என்பது அவர் எண்ணம்.

இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த எல்லோருக்கும் என்பதில் பெண்கள் மாணவர்களாக இல்லை. டார்ட்மத் அப்போது ஆண்கள் மட்டும் படிக்கும், பணக்காரக் குடும்பங்கள் அதிகம் இருந்த கல்லூரி. கதவைத் திறந்தவர் கெமனி என்பது உண்மை. அந்தக் கதவு இருந்த கட்டடத்துக்குள் யார் வர முடிந்தது என்பதும் உண்மை.

பள்ளி கிளப்பில் இருந்து மைக்ரோசாஃப்ட் வரை

கெமனியும் கர்ட்ஸும் பேசிக்கை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். டெலிபோன் லைன் வழியாக நியூ இங்கிலாந்து வட்டாரப் பள்ளிகள் டார்ட்மத் கணினியோடு இணைந்தன. ஜெனரல் எலெக்ட்ரிக் இதே அமைப்பை நாடு முழுக்க வணிகச் சேவையாக விற்றது.

அந்தச் சேவையின் ஒரு டெர்மினல் 1968-ல் சியாட்டிலில் லேக்சைடு என்ற பள்ளிக்கு வந்தது. மாணவர்களின் அம்மாக்கள் பழைய பொருள்களை விற்றுத் திரட்டிய பணத்தில் வாங்கியது. எட்டாம் வகுப்புப் படித்த பில் கேட்ஸ் அதில்தான் பேசிக் கற்றார். அவர் எழுதிய முதல் நிரல் கட்டத்தில் எக்ஸ், ஓ போடும் விளையாட்டு. கேட்ஸ், பால் ஆலன், ரிக் வைலண்ட், கென்ட் எவன்ஸ் நாலு பேரும் சேர்ந்து நிரலாளர் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். பள்ளி நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் அதிலேயே போனது. 1975-ல் ஆல்டேர் என்ற சின்னக் கணினிக்காக கேட்ஸும் ஆலனும் எழுதிய பேசிக்தான் மைக்ரோசாஃப்டின் முதல் தயாரிப்பு.

அதற்குப் பிறகு வந்த வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவற்றை ஆன் செய்தால் பேசிக் வந்து நிற்கும். 1984-ல் இந்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியபோது வந்திறங்கியவை பிபிசி மைக்ரோ கணினிகள், அவற்றிலும் பேசிக். 1990-களில் இங்கே பள்ளியில் கம்ப்யூட்டர் படித்த அண்ணன், அக்காக்களிடம் கேட்டுப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி லேபுக்குள் போனதும் ஜிடபிள்யூ-பேசிக்கில் 10, 20, 30 என்று வரி போட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

கோடு போட்ட வளாகம், குழப்பமான உலை

1970 மார்ச் 1-ல் கெமனி டார்ட்மத்தின் 13-வது தலைவரானார். இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போருக்கு எதிராகப் போராடிய மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, 4 பேர் இறந்தார்கள். கெமனி ஒரு வாரம் வகுப்புகளை நிறுத்தி, வளாகம் முழுக்க விவாதிக்க இடம் கொடுத்தார். கட்டளை போட்டு அடக்கிய கல்லூரிகளில் கலவரம் நடந்த காலத்தில் அது ஒரு துணிச்சலான முடிவு.

முன்னாள் மாணவர்கள் பலர் முறைத்துக்கொண்டு நின்றபோதும், 1972-ல் பெண்களை மாணவர்களாகச் சேர்த்தார். இடம் போதாமல் போகும் என்ற வாதத்துக்கு, ஆண்டு முழுவதும் வகுப்பு நடக்கும் முறையைக் கொண்டுவந்து பதில் சொன்னார். பூர்வகுடி அமெரிக்க மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி அவர்களையே மறந்திருந்தது. அவர்களுக்கான சேர்க்கையையும் முனைந்து நடத்தினார். இத்தனைக்கும் நடுவே வகுப்பெடுப்பதை அவர் விடவில்லை.

அதே 1972-ல் மனிதனும் கணினியும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1990 வாக்கில் வீடுகளில் டெர்மினல் இருக்கும், வாசகர் தனக்கு வேண்டிய செய்தியை மட்டும் எடுத்துப் படிப்பார் என்றெல்லாம் அதில் எதிர்பார்த்தார். செய்திச் செயலியை விரலால் தள்ளிக்கொண்டே இதைப் படிப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

1979 மார்ச் 28. பென்சில்வேனியாவில் த்ரீ மைல் தீவு அணு உலையில் விபத்து. விசாரணைக் குழுவுக்கு கெமனியைத் தலைவராக்கினார் அதிபர் ஜிம்மி கார்ட்டர். ஆறு மாதத்தில் அறிக்கை தயார். கருவிக் கோளாறு சின்னதுதான், அதைப் பேராபத்தாக மாற்றியது மனிதர்களும் நிர்வாகமும் என்றது அது. விபத்தின் முதல் சில நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக அலறின. எது முக்கியம், எது இல்லை என்று பிரித்துச் சொல்ல ஏற்பாடே இல்லை. புதியவருக்குப் புரிகிற மாதிரி கணினி பேச வேண்டும் என்று பதினைந்து வருஷம் முன்பு மல்லுக்கட்டியவருக்கு அந்த அறை எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பெற்றவர்களுக்கே பிடிக்காத பிள்ளை

பேசிக்குக் கெட்ட பெயரும் வந்தது. டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பேசிக்கில் பழகிய மாணவர்களுக்கு நல்ல நிரல் எழுதச் சொல்லித் தருவது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்று 1975-ல் கடுமையாகவே எழுதினார். முக்கியக் குற்றவாளி கோ டு. நிரலில் எங்கிருந்தும் எங்கும் தாவலாம் என்பதால், கொஞ்சம் பெரிய நிரல் என்றாலே சிக்கலான நூல்கண்டாகிவிடும்.

குற்றச்சாட்டு நியாயம்தான். ஆனால் டார்ட்மத் பேசிக் அப்படியே நின்றுவிடவில்லை. 1970-களிலேயே அங்கே கோ டு இல்லாமல் ஒழுங்காக எழுதும் வசதிகள் வந்துவிட்டன. வீட்டுக் கணினிகளில் இருந்த துளியூண்டு நினைவகத்துக்குள் திணிக்க, கம்பெனிகள் பழைய பேசிக்கை வெட்டியும் ஒட்டியும் ஆளுக்கொரு வடிவமாக விற்றன. அவற்றைத் தெருவோர பேசிக் என்றே ஒதுக்கினார்கள் கெமனியும் கர்ட்ஸும். 1981-ல் தலைவர் பதவியை விட்டு வகுப்பறைக்குத் திரும்பிய கெமனி, 1983-ல் கர்ட்ஸோடு சேர்ந்து ட்ரூ பேசிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மொழி நன்றாகவே இருந்தது. ஆனால் கணினியோடு இலவசமாக ஒரு பேசிக் கிடைக்கும்போது, தனியாகக் காசு கொடுத்து இன்னொன்றை யார் வாங்குவார்? உலகத்துக்கு இனாமாகக் கொடுத்ததன் திருத்திய பதிப்பை விற்க முடியாமல் போனது.

1992 டிசம்பர் 26-ல், 66 வயதில் மாரடைப்பால் காலமானார் கெமனி. டார்ட்மத்தின் கணிதத் துறை இப்போது இயங்கும் கட்டடத்துக்கு அவர் பெயர். கர்ட்ஸ் 2024 நவம்பர் வரை வாழ்ந்தார். போர்களையும் பழைய பாலங்களையும் நினைவுகூரும் பலகைகளைச் சாலையோரம் வைக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், 2019-ல் ஹானோவருக்குப் போகும் சாலையில் ஒரு பலகையைப் பேசிக் மொழிக்காக வைத்தது.